முதுகில் தடவிய எண்ணெய்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. மேல்காற்று ஊர்மன்றத்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன குளிர்காலத்தில் நடந்தது என்று நினைத்திருந்தேன். இல்லை, அதற்கு அடுத்த வருஷம் என்கிறார்கள். டார்சி சொன்னதிலும் பாதி காற்றோடு போய்விட்டது. படகைச் சுரண்டிக்கொண்டே பேசுகிறவன் அவன். ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவில் அலை வந்து திரும்பிவிடும். விட்டுப்போன இடங்களை நான்தான் நிரப்பியிருப்பேன்.

தென்கடலில் கிடக்கும் ஃபிளிண்டர்ஸ் தீவில் கல் இறால் பிடிப்பது டார்சியின் தொழில். சொரியாசிஸ் என்ற தோல்நோய் அவனுக்கு இளவயதிலேயே வந்தது. கோடையில் வெயிலும் கடல்நீரும் பட்டு அடங்கிக் கிடக்கும். குளிர் இறங்கிக் கம்பளிச் சட்டை ஏறிவிட்டால் முதுகெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து வெள்ளைச் செதில் உதிரும். அதற்கு அவன் மனைவி நோலீன் செய்த வைத்தியம் ஊருக்கே தெரியும். பழைய காலுறையில் ஓட்ஸைக் கட்டி, சுடவைத்த மழைத்தண்ணீரில் ஊறப்போடுவாள். பால்போல் கலங்கிய அந்தத் தண்ணீரில் அவன் குளித்து வந்ததும், கணப்பின் முன்னால் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்காரவைத்து, மட்டன்பறவை என்ற கடற்பறவைக் குஞ்சின் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி முதுகில் தடவுவாள்.

அந்த எண்ணெய் கடைச்சரக்கு அல்ல. குளிருக்கு முன்னால் பறவைத்தீவுக்குப் போய், மண்வளைக்குள் தோள்வரை கையை விட்டுக் குஞ்சைப் பிடித்து, அதன் வயிற்றை அழுத்தி வாய்வழியாக வடித்தெடுப்பது. பறவை பிடிக்கத் தங்கும் நோலீனின் குடும்பக் கொட்டகை அங்கே தலைமுறையாக இருக்கிறது. நெஞ்சுச்சளி, வெடித்த குதிகால், நாயின் சொறி எல்லாவற்றுக்கும் அந்த எண்ணெய்தான். அதைக் குறைசொல்வது அவர்களுடைய தாயைக் குறைசொல்வதுபோல.

"ஆடாம உக்காரு, கிழவா. வளையில இருந்து குஞ்சை இழுக்கிற மாதிரி இருக்கு" என்பாள் நோலீன்.

"குளுருதுல்ல."

"நேத்து கடைவாசல்ல இந்த எண்ணெய் வாசனைக்கு உன் பின்னாடி மூணு பூனை. நான் யாரோ நீ யாரோன்னு தள்ளி நின்னுட்டேன்."

அவர்களுக்குள் ஒரு நாளைக்கு அவ்வளவுதான் பேச்சு. மகன் கோலின் கடலில் மூழ்கிப் போனபிறகு அந்த வீட்டில் வார்த்தை வற்றிவிட்டது. நோலீன் மகனுடைய அறையிலேயே படுத்துக்கொள்ளத் தொடங்கினாள். டார்சி கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வருஷம் முழுக்க அவர்கள் ஒருவரையொருவர் தொட்டது அந்த நாற்காலியில்தான், அதுவும் குளிர்காலத்தில் மட்டும். நோய் ஏறும் காலத்தை அவன் எதிர்பார்த்திருந்தான் என்று என்னிடம் சொன்னபோது முகத்தைக் கடல்பக்கம் திருப்பிக்கொண்டான்.

மகள் ஜோடி லான்செஸ்டன் நகரத்தில் இருந்தாள். அந்த வருஷம் பறவைக்காலம் முடிந்து எண்ணெய் கொடுக்கப் போனவனை அவள் விடவில்லை. கையோடு தோல் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மருத்துவர் ஊசி எழுதிக்கொடுத்தார். வயிற்றில் தானே போட்டுக்கொள்வது, குளிரில் வைக்கவேண்டியது. டார்சி அதைப் படகுக்கொட்டகையில், பீர் வைக்கும் குளிர்பெட்டிக்குள் ஒளித்துவைத்தான். இரைமீன் நாற்றத்துக்கு நோலீன் அங்கே வரமாட்டாள்.

"அம்மாட்ட சொல்லிரு" என்றாள் ஜோடி தொலைபேசியில்.

"சொல்றேன், சொல்றேன்."

சொல்லவில்லை. ஊசியில் குணமானால் எண்ணெய் எதற்கு என்பாள். எண்ணெய் இல்லையென்றால் நாற்காலி இல்லை. அவனுக்கு அதற்குமேல் யோசிக்கத் தெரியவில்லை.

நடுக்குளிரில் ஒருநாள் நோலீனின் கை அவன் முதுகில் நின்றுவிட்டது.

"டார்சி, ஒண்ணுமே இல்ல."

"என்ன ஒண்ணுமே இல்ல?"

"செதிலே இல்லப்பா. குழந்தை முதுகு மாதிரி இருக்கு." அவள் குரல் உடைந்தது. கோலினுக்குப் பிறகு அவள் அழுது அன்றுதான் பார்த்தான். "இந்த வருஷ எண்ணெய்தான். நல்லாக் கொழுத்த குஞ்சு."

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் கன்னத்தை அவன் முதுகில் வைத்தாள். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அடுத்த ஞாயிறு நோலீனின் அக்கா பெரில் தேநீருக்கு வந்தாள். பறவைக் கொட்டகையில் அவளைப்போல் வேகமாக இறகு பறிப்பவர் யாரும் கிடையாது. அவளுக்கும் இதே நோய்தான், ஆனால் தோலில் கொஞ்சம், விரல் மூட்டுகளில் நிறைய. வாரத்துக்கு ஒருமுறை மாத்திரை போட்டு அடக்கி வைத்திருந்தாள்.

"சட்டையத் தூக்கு" என்றாள் நோலீன்.

"அட விடு, நோல்."

"தூக்குன்னா. பெரில், பாரு இங்க. மருந்து இல்ல, மாத்திரை இல்ல."

பெரில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "அடப் படுபாவி! ராத்திரி பாம்பு மாதிரி சட்டைய உரிச்சுட்டியா?" சிரித்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள். "அந்த மாத்திரை போட்டா ரெண்டு நாளைக்குத் தலை தூக்க முடியல எனக்கு. குமட்டிக்கிட்டு வருது."

"அப்ப எதுக்குப் போடுறே? நம்ம எண்ணெய் இருக்கையில?"

பெரில் அவனைப் பார்த்தாள். "நீ என்ன சொல்றே, டார்சி? நெசமா இதுதானா?"

கணப்பில் ஒரு கட்டை சரிந்து விழுந்தது. டார்சி குனிந்து அதை நேராக வைத்தான். வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.

"நோலீன் கை" என்றான்.

பொய் சொல்லவில்லை என்று அன்று இரவு தனக்குத்தானே சொல்லிக்கொண்டானாம். பெரில் இரண்டு போத்தல் எண்ணெயோடு வீட்டுக்குப் போனாள். அன்றோடு மாத்திரையை நிறுத்தினாள்.

அதன்பிறகு அவன் பெரிலைத் தவிர்த்தான். மழையென்றான், படகு வேலையென்றான். நோலீன்தான் தினமும் போய் அக்காவின் கைகளுக்குத் தடவிவிட்டு வந்தாள். "வீங்கியிருக்கு. நோய் வெளிய வருதுன்னு நினைக்கிறேன்" என்றாள் ஒருநாள். இன்னொரு நாள் கையைக் கழுவிக்கொண்டு நேரே படுக்கப் போய்விட்டாள்.

குளிர் முடிந்து வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்தபோது பெரில் மறுபடி வந்தாள். தேநீர்க் கோப்பையை விரலால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்கினாள். விரல்கள் கொக்கிபோல உள்ளே வளைந்திருந்தன.

"என்ன பாக்குற? நண்டு மாதிரி இருக்கேன்ல?" என்றாள். "பரவால்ல, பறவைக்காலத்துக்குள்ள சரியாயிடும். உனக்கு ஆச்சுல்ல."

டார்சி எழுந்தான். படகுக்கொட்டகைக்குப் போய், ஊசிப் பெட்டியை எடுத்துவந்து மேசைமேல் வைத்தான்.

"இதுதான் எனக்குப் பண்ணுச்சு. எண்ணெய் இல்ல. நாளைக்கே உன்னை லான்செஸ்டனுக்குக் கூட்டிட்டுப் போறேன், பெரில்."

பெரில் பெட்டியைத் தொடவில்லை. கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். தேநீர் கொஞ்சம் சிந்தியது. நோலீன் துணியை எடுத்து மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"எப்ப இருந்து?" என்றாள் நோலீன்.

"பறவைக்காலம் முடிஞ்சதுல இருந்து."

"பெரில் உன் முதுகப் பாத்தப்பவும்?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

வாயைத் திறந்தான். அவளுடைய கை, கணப்பு, திருப்பிப்போட்ட நாற்காலி எல்லாம் தொண்டைவரை வந்தன. பெரிலின் விரல்களுக்கு எதிரில் அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"நீ தடவுறதை நிறுத்திருவேன்னு" என்றான் கடைசியில்.

நோலீன் துடைப்பதை நிறுத்தினாள். ஈரத்துணியை மடித்துக் குழாயின்மேல் போட்டாள்.

"கேட்டிருக்கலாம்ல" என்றாள். "முதுகு நல்லா இருந்தாலும் தடவிவிடுன்னு கேட்டிருக்கலாம்ல."

மறுநாள் விமானத்தில் அக்காவும் தங்கையும் போனார்கள். அவனை வரவேண்டாம் என்றார்கள்.

பெரிலுக்கு மாத்திரை மறுபடி தொடங்கியது. வீக்கமும் வலியும் இறங்கின, வளைந்த விரல்கள் நிமிரவில்லை. அவள் இப்போதும் பறவைத்தீவுக்குப் போகிறாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டு, மற்றவர்கள் இறகு பறிக்கும் வேகத்தைக் கிண்டல் செய்கிறாள். நோலீன் அக்காவின் வீட்டுக்கே குடிபோய்விட்டாள். காலையில் அவளுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறாள், குளிர்காலத்தில் கைகளுக்கு எண்ணெய் தடவுகிறாள், மாத்திரையையும் தவறாமல் கொடுக்கிறாள். ஜோடி கிறிஸ்துமஸுக்கு வந்தால் இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறாள். டார்சி இன்னும் கல் இறால் பிடிக்கிறான். ஊசியை இப்போது சமையலறையிலேயே வைத்திருக்கிறான். அவன் தோலில் ஒரு திட்டுக்கூட இல்லை.