கொம்பு உடைந்த எருமை

...மூன்று தடவை, ஆமாம், கொம்பு உடைந்த அந்த எருமையை அப்பா விற்ற பிறகும் மூன்று தடவை அது தானாகவே ஊருக்கு நடந்து வந்தது, எருமைக்கு ஏது சூடு சொரணை என்பார்கள், வழி மட்டும் எப்படித் தெரிந்ததோ, என்று நினைத்தபடி அவள் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்தாள், குலுங்கிய குலுக்கலில் நெற்றி நங்கென்று இடித்தது, பக்கத்தில் அண்ணன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான், மடியில் அவளுடைய துணிப்பை, தூக்கத்திலும் பிடியை விடவில்லை, பை என்ன எழுந்து ஓடிவிடவா போகிறது? எருமை முதல் தடவை வந்தபோது எத்தனை கொண்டாட்டம்... விடிந்து பார்த்தால் வாசலில் நிற்கிறது, கால் முழுக்கச் சேறு, கழுத்தில் அறுந்த கயிறு, அம்மா கட்டிக்கொண்டு அழுதாள், வாயில்லா ஜீவனுக்கு இருக்கிற பாசம் மனுஷனுக்கு உண்டா என்று தெருவே வந்து பார்த்தது, அவளுடைய கணக்குப் புத்தகத்தில் பாதியை முன்பே தின்ற எருமைதான், மீதியையும் கொண்டுபோய் நீட்டினாள், பத்து வயதில் வேறென்ன கொடுக்கத் தெரியும்? மத்தியானமே அப்பா திரும்ப ஓட்டிக்கொண்டு போய்விட்டார், வித்தது வித்ததுதான் என்றார்.

புருஷன் வீட்டிலிருந்து அவள் முதல் தடவை வந்தபோதும் அம்மா அழத்தான் செய்தாள், வீங்கிய கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்தாள், அவனெல்லாம் உருப்படுவானா என்று சாபம் விட்டாள்... இரண்டாம் தடவை, கொஞ்சம் பொறுத்துப் போகக் கூடாதாடி என்றாள், இந்தத் தடவை சோற்றைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள், காலையில் கிளம்பும்போது போய்ட்டு வா என்று சொல்லவில்லை, பாத்துப் போ, அவ்வளவுதான், வாய் தவறியிருக்கும், இல்லை, அம்மா வாய் தவறுகிறவள் இல்லை. எருமை மூன்றாம் தடவை வந்த அன்று கதவைத் திறக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார், ஜன்னல் வழியாகப் பார்த்தாள், அது கத்தவில்லை, முட்டவில்லை, வெயில் ஏறும்வரை நின்றது, பிறகு குளத்துப் பக்கமாக நடந்தது, வாங்கியவர் வீட்டுக்கும் போய்ச் சேரவில்லையாம், எங்கேதான் போயிற்று? யார் தேடினார்கள்... அவளும்தான் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

பஸ் எதற்கோ நின்றது, அண்ணன் விழித்து வாயைத் துடைத்துக்கொண்டான்.

"இறங்கினதும் நீயே போய்க்குவ இல்ல? நாலு தெருதானே. எனக்கு உடனே திரும்பற பஸ் இருக்கு."

"மாப்பிள்ளைகிட்ட பேசறேன்னு சொன்னியேண்ணா?"

"போன் பண்ணினேன், எடுக்கல. போன தடவையே என்னை வாசல்ல நிக்க வச்சு அனுப்பினாரு, எனக்கும் மானம் இருக்கும்மா. நீ போய் நில்லு, விரட்டவா போறாரு?"

விரட்டினால் பரவாயில்லையே... எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? சரி என்று தலையாட்டினாள், உடனே பையை அவள் மடிக்கு மாற்றினான், அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதற்கப்புறம்தான் உறைத்தது, அவள் வருவது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, போய்ச் சேர்ந்தாளா என்று அம்மா வீட்டில் யாரும் கேட்கப் போவதும் இல்லை, அப்படியானால் அந்த நாலு தெருவில் அவள் வேறு பக்கம் திரும்பி நடந்தால்... பயமாக இருந்தது, பயம் மட்டும்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை.