அமாவாசைக் கோலம்

அமாவாசையன்று அந்த வாசலில் கோலம் இருக்கக் கூடாது. ஆனால் இருந்தது.

சொர்ணலதா இரும்புக் கேட்டின் முன்னால் கால் ஊன்றி நின்றுவிட்டாள். எட்டு இதழ்த் தாமரை. நடுவில் குங்குமம். ஒவ்வொரு இதழ் நுனியிலும் மாவை வெடுக்கென்று இடப்பக்கமாக இழுத்து விட்டிருந்தார்கள். அவள் கை அப்படி இழுக்காது. அவள் போடுவது ஏழு புள்ளி வைத்து வளைத்து வளைத்துச் சுற்றுகிற கம்பிக் கோலம். கடந்த எட்டு நாளும் விடியுமுன் வந்து அதைத்தான் போட்டுவிட்டுப் போனாள். இன்றைக்குப் போட வேண்டியதில்லை என்பதால் பாலையும் பேப்பரையும் எடுக்க ஆறரைக்குத்தான் வந்தாள். அதற்குள் யாரோ வந்து போட்டிருக்கிறார்கள். ஆளில்லாத வீட்டு வாசலில் எவள் வந்து கோலம் போடுவாள்?

குவெம்புநகரில் அந்த வீடு சேஷு மாமாவுடையது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் மஹதிக்குப் புனேயில் ஆபரேஷன் என்று மாமாவும் வாலாம்பாள் மாமியும் மூன்று வாரத்துக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். போகிற நேரம் நல்ல நேரமாக இல்லை. பக்கத்து கிராஸ் தெருவில் இரண்டு மாதத்துக்குள் இரண்டு பூட்டிய வீடுகளை உடைத்திருந்தார்கள். பார்க்கில் கூட்டம் போட்டு இன்ஸ்பெக்டர் பேசினார். போன வருஷத்தைவிட நகரத்தில் குற்றம் குறைந்திருக்கிறது என்று காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "காகிதத்துல குறைஞ்சிருக்கு. திருடனுக்கு அந்தக் காகிதத்தைக் காட்டலை போலிருக்கு" என்று மாமி பின்வரிசையில் முணுமுணுத்தாள்.

ஊருக்குப் போவதற்கு முதல் நாள் மாமி சொர்ணலதாவை நிறுத்தி வைத்துப் பாடம் நடத்தினாள்.

"பேப்பரை நிறுத்தினா பேப்பர்காரனுக்குத் தெரியும், நாங்க ஊர்ல இல்லேன்னு. பாலை நிறுத்தினா பால்காரன் தெருவுக்கே சொல்லுவான். ரெண்டும் வரட்டும். நீ எடுத்துண்டு போயிடு."

"பாலும் எனக்குங்களா மாமி?"

"பின்னே, பூனைக்கா? கேட் சாவி உன்கிட்ட. உள் சாவி எங்களோட வரும். கோலம் ஒரு நாள் தப்பப்படாது. திருடன் முதல்ல வாசலைத்தான் பார்க்கறானாம். ஆனா அமாவாசைக்குப் போட்டுடாதே. மாமா தர்ப்பணம் பண்றவர். அன்னிக்கு நம்மாத்து வாசல்ல கோலம் இருந்தா, தெரிஞ்சவன் ஆத்துல யாரும் இல்லேன்னு கண்டுபிடிச்சுடுவான்."

"களவாணிக்கு அமாவாசையெல்லாம் தெரியுமுங்களா?"

"அவனுக்குத்தான் நம்மளைவிட நன்னாத் தெரியும்."

எட்டு வருஷமாக அந்த வீட்டில் வேலை. மாமி சொன்னால் சொன்னபடி. சொர்ணலதா கேட்டைத் திறக்காமல் எட்டிப் பார்த்தாள். உள்கதவில் பூட்டு தொங்கியது. கொல்லைப்புறம் இங்கிருந்து தெரியாது. போய்ப் பார்க்கலாம். பார்க்கப் போனால் கேட்டைத் தொட வேண்டும், கம்பியைத் தொட வேண்டும், கதவைத் தொட வேண்டும். தொட்ட இடமெல்லாம் விரல் பதியும். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். அதைச் சொன்னவர் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டார். இரண்டு வருஷத்துக்கு முன் வேறொரு வீட்டில் வளையல் காணோம் என்று காலை ஒன்பது மணியில் இருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் அந்தப் பெஞ்சில் இருந்தவள் அவள். சின்ன மெஷினில் பத்து விரலையும் வைத்து எடுத்தார்கள். பத்து நாள் கழித்து வளையல் அந்த வீட்டம்மாவின் சூட்கேஸிலேயே கிடைத்தது. இவளிடம் அதை யாரும் சொல்லவில்லை, காய்கறி வண்டிக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. வளையல் திரும்பி வந்துவிட்டது. விரல் ரேகை வரவில்லை. கௌதள்ளிக் கிராமத்தில் இருந்து பிழைக்க வந்தவளுக்குச் சொத்து என்று இருந்தது நல்ல பேர் ஒன்றுதான். அதில் ஒரு தடவை கீறல் விழுந்தாயிற்று. இன்னொரு தடவை விழுந்தால் இந்த ஊரில் எந்தக் கதவும் திறக்காது.

மாமிக்குப் போன் போட்டாள்.

"மாமி, நம்ம வாசல்ல கோலம் இருக்குதுங்க. நான் போடலைங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஆஸ்பத்திரியில் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும் கேட்டது.

"மாமி, கேக்குதுங்களா?"

"கேக்கறது. இன்னிக்கு அமாவாசையோல்லியோ." மாமி குரல் தாழ்ந்தது. "பூட்டு இருக்கா?"

"இருக்குதுங்க. யாரு போட்டிருப்பாங்கன்னு…"

"நீ ஒண்ணும் பண்ணாதே. அழிச்சுடாதே. இல்லை, அழிச்சுடு. யார்கிட்டயும் சொல்லாதே. போலீஸ் கீலீஸ்னு போயிடாதே, என்ன?" போன் வைக்கப்பட்டது.

சொர்ணலதா போனையே பார்த்தாள். பிச்சைக்காரன் வந்தால்கூட எந்த ஊர், எந்த ஜில்லா என்று கேட்கிறவள் மாமி. தன் வாசலில் ஊர் பேர் தெரியாத கோலம் கிடக்கிறது என்றால், யார் போட்டது என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கேட்கவில்லையே. நம்மையே நினைக்கிறாளோ? இவளே போட்டுவிட்டு இவளே சொல்கிறாள், நாளைக்கு ஏதாவது போனால் தப்பித்துக்கொள்ள இப்போதே வழி பண்ணுகிறாள் என்று நினைக்கிறாளோ?

கோலத்தை அழிக்கவில்லை. பாலைத் தொடவில்லை, பேப்பரைத் தொடவில்லை. போட்ட கையைக் கண்டுபிடித்தால்தான் தன் கைக்கு விடுதலை என்று தோன்றியது. கையெழுத்தை மாற்றிப் போட முடியும், கோலக் கையை மாற்ற முடியாது. அவள் தெருவில் இறங்கி ஒவ்வொரு வாசலாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தாள்.

அமாவாசை என்றால் கன்னடக்காரர் வீடுகளில் ரங்கோலி பெரிதாகத்தான் இருக்கும். ஒரு வாசலில் தேர், ஒரு வாசலில் மயில். ஒரு வீட்டில் தாமரை இருந்தது, ஆனால் அதன் இதழ்கள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. நாலு வீட்டில் வருஷம் முழுக்க ஒரே பிளாஸ்டிக் ஸ்டிக்கர். அடுத்த கிராஸிலும் பார்த்தாள். நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் நின்றார்.

"ஏனு பேக்கு?" என்ன வேண்டும் என்று கேட்டார்.

"ஏனில்லா சார்", ஒன்றுமில்லை என்று நகர்ந்தாள். அவர் நகரவில்லை. போனைத் தூக்கிப் பிடித்தார். கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி அதைத் துடைத்தார். படம் எடுத்தாரா இல்லையா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் சந்தேகம் கூடும் என்று திரும்பாமல் நடந்தாள். வேகமாக நடந்தாலும் சந்தேகம் வரும் என்று மெதுவாக நடந்தாள். மெதுவாக நடப்பதும் நோட்டம் பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

திருப்பத்துப் பிள்ளையார் கோயில் பக்கத்தில் புங்கமரம். அதன் அடியில் பூ விற்கிற பசம்மா கூடையை வைத்து உட்கார்ந்திருந்தாள். கூடைக்கு முன்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு தாமரை. எட்டு இதழ், நடுவில் குங்குமம், நுனியெல்லாம் இடப்பக்கம் வெடுக்கென்று. பசம்மா இடது கையால் பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

சொர்ணலதா குத்துக்காலிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, இது நீ போட்டதா?"

"ஆமா. ரோடு உங்கப்பனுதா?" பசம்மா கௌதள்ளிக்குப் பக்கத்து ராமாபுரத்துக்காரி. வாய்க்குக் கன்னடம்தான் சொந்தம், தமிழும் தாராளமாகப் புழங்கும்.

"மாமி வீட்டு வாசல்ல போட்டதும் நீதானா?"

நாரைச் சுற்றிய விரல் நின்றது. பசம்மா நிமிர்ந்து, ஏற இறங்கப் பார்த்தாள்.

"அழிச்சுட்டியா?"

"நான் எதுக்கு அழிக்கோணும்?"

"கோலம் இருந்தா உன் ஆளுங்க வரமாட்டாங்கல்ல."

"எந்த ஆளுங்க?"

"எனக்கென்ன கொத்து, எனக்கெப்படித் தெரியும்? எட்டு நாள் விடியாம வந்து போட்டே. இன்னிக்கு அமாவாசை, கள்ளனுங்க நாள் பார்த்து இறங்குற நாளு. அன்னிக்குன்னு பார்த்து வாசல் மொட்டையா கெடக்குது. ஆறு மணி வரைக்கும் நின்னேன், நீ வரலை. வெறும் வாசல்தான் அடையாளமோன்னு நெனச்சேன். அதைக் கெடுக்கத்தான் நான் போட்டேன்." சொல்லிவிட்டு நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ரோந்து வர்ற பீட் போலீஸ்காரருக்கும் சொல்லியாச்சு."

சொர்ணலதாவுக்கு இப்போதுதான் உறைத்தது. காலையில் இருந்து தான் யாரைத் தேடி நடந்தாளோ அந்த ஆள், விடியலில் இருந்து தன்னைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

"நான் கோலம் போடுற வாசலை நீ எதுக்குக்கா காவல் காத்தே?"

பசம்மா பதில் சொல்லுமுன் மோட்டார்பைக் வந்து நின்றது. தமிழ் தெரிந்த சின்ன வயசுப் போலீஸ்காரர். இறங்கியதும் போனை நீட்டினார். படத்தில் சொர்ணலதா யாருடைய வாசலிலோ குனிந்திருந்தாள். தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டிருந்தார்கள். பூட்டிய வீடுகளை நோட்டம் பார்க்கும் பெண், எச்சரிக்கை என்று கன்னடத்தில் அதற்குக் கீழே இருந்ததை அவரே படித்துக் காட்டினார்.

"இது நீங்கதானே அம்மா?"

"நான்தானுங்க."

"வாசல் வாசலா என்ன தேடினீங்க?"

"கோலமுங்க."

அவர் முகம் மாறவில்லை. பையில் இருந்து அந்தச் சின்ன மெஷினை எடுத்தார். "விரலை வையுங்க."

அவள் கை மறுபடியும் முதுகுக்குப் பின்னால் போனது.

"என் விரலு ரெண்டு வருஷமா உங்ககிட்டத்தான் இருக்குதுங்க. காணாமப் போன வளையல் பத்து நாள்லயே கிடைச்சுட்டுது. விரலை அழிச்சீங்களான்னு பார்த்துச் சொல்லுங்க. அதுக்கு முந்தி மாமியைக் கூப்பிடுங்க. கோலம் போடச் சொன்னது அவிய, இன்னிக்குப் போட வேண்டாம்னதும் அவிய. அவிய சொல்லட்டும், அப்புறம் வைக்கிறேன்."

பசம்மாவின் மடியில் இருந்து பூச்சரம் நழுவியது. "போட வேண்டாம்னு மாமி சொல்லுச்சா?"

"அமாவாசைக்கு அவங்க வாசல்ல கோலம் கிடையாதுக்கா. தர்ப்பணம்."

"ஐயோ சிவனே. என்கிட்ட சொல்லலையே." பசம்மா போலீஸ்காரரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "மாமி என்னையும் வெச்சிருக்குது சொர்ணா. தினம் போறப்ப வாசலைப் பாரு, அவ வராம ஏமாத்தினா நீ போடு, எனக்குப் போன் பண்ணுன்னு. இன்னிக்கு ரெண்டு வாட்டி பண்ணினேன், எடுக்கலை."

காவலுக்கு ஒரு காவல். சொர்ணலதாவுக்குக் காலையில் போனில் கேட்ட அந்த மௌனம் இப்போது புரிந்தது. மாமி பயந்து ஊமையாகவில்லை. பசம்மாதான் போட்டிருப்பாள் என்று தெரிந்து, அகப்பட்டுக்கொண்டு ஊமையானாள்.

போலீஸ்காரர் மாமியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். கன்னடத்தில் ஆரம்பித்த மாமி இரண்டாம் வாக்கியத்திலேயே தமிழுக்கு வந்துவிட்டாள். "அவமேல சந்தேகம்னு இல்லை சார். ஒரு ஜாக்கிரதைக்குத்தான். ரெண்டு கண்ணுக்கு நாலு கண்ணு நல்லதுன்னு. அந்த பசம்மாகிட்ட அமாவாசையைச் சொல்ல மறந்துட்டேன்."

"எங்க வீட்டுல அமாவாசைக்குத்தான்மா பெரிய ரங்கோலி" என்றார் அவர். உதட்டோரத்தில் சிரிப்பு வந்து போனது. சொர்ணலதா சிரிக்கவில்லை.

"மாமி, சொர்ணா பேசறேனுங்க. உங்க தெரு குரூப்புல என் படம் ஓடுது. நீங்க வெச்ச ஆளு நானுன்னு அதுல எழுதுங்க. இப்பவே எழுதுங்க. அவரு பார்த்துட்டுப் போகட்டும்."

கொஞ்ச நேரம் கழித்துப் போலீஸ்காரரின் போன் கிணுங்கியது. படத்தில் இருப்பது எங்கள் வீட்டில் வேலை செய்பவர், நம்பிக்கையானவர் என்று மாமி எழுதியிருந்தாள். அவர் மெஷினைப் பையில் போட்டார். மாமி வீடு வரை போய்ச் சுற்றி ஒரு நடை பார்த்துவிட்டு, பின்கதவும் பத்திரம் என்று சொல்லிப் போனார். பழைய ரேகை என்னவாயிற்று என்பதைச் சொல்லவில்லை.

மாமி எழுதியது அந்த ஒரு குரூப்போடு நின்றது. படம் நிற்கவில்லை. பத்து மணிக்கு அடுத்த லேஅவுட்டில் பாத்திரம் தேய்க்கப் போனபோது, என்றைக்கும் டீவி முன்னால் இருக்கிற வீட்டம்மா அன்றைக்கு அடுப்படியை விட்டு அசையவில்லை. தேய்த்து முடிக்கும் வரை அங்கேயே நின்று கொத்தமல்லி ஆய்ந்தாள். ஒரு கட்டுக் கொத்தமல்லியை முக்கால் மணி நேரம் ஆய்ந்தாள்.

அன்றைக்கே சாவியைத் தூக்கி எறிந்திருக்கலாம். ரோஷம் அப்படித்தான் சொன்னது. ஆனால் பாதியில் விட்டுப் போனால், அதன்பிறகு அந்த வீட்டில் ஒரு துரும்பு அசைந்தாலும் அது இவள் தலையில்தான் விழும். மிச்சம் பன்னிரண்டு நாளும் விடியுமுன் போனாள். கோலப்பொடியை எடுக்குமுன் எதிர்வீட்டுக் கேமராவை நிமிர்ந்து பார்த்து, முகம் பதியட்டும் என்று ஒரு நிமிஷம் நிற்பாள். பிறகு குனிந்து ஏழு புள்ளி வைப்பாள். பசம்மா தாண்டிப் போகையில் நின்று, "சரியாத்தான் போடுறே" என்பாள். "மாமிக்குப் போன் பண்ணிரு" என்பாள் இவள்.

மாமாவும் மாமியும் வந்து இறங்கிய காலையில் சொர்ணலதா பசம்மாவையும் கூடையோடு கூட்டிக்கொண்டு போனாள். மாமி புனே பலகாரப் பொட்டலத்தோடு வந்தாள். அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"கோச்சுண்டிருக்கியா சொர்ணா?"

"இல்லீங்க மாமி. இந்தாங்க கேட் சாவி." மாமியின் கையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். "அக்கா, குடுத்ததைப் பார்த்துக்கிட்டியா?"

"பார்த்தேன்" என்றாள் பசம்மா.

"நாளைக்கு வேலைக்கு வருவியோல்லியோ?"

"வருவேனுங்க. நீங்க இருக்கறப்ப வருவேன். பூட்டிட்டுப் போறப்ப மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க."

"அப்போ கோலத்துக்கு நான் என்னடி பண்றது?"

"ஸ்டிக்கர் ஒட்டிருங்க. அது களவாடாது."

மாமி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "அமாவாசை அன்னிக்கு அதை யார் உரிக்கறது?"

"அதுக்கு ஒரு ஆளை வையுங்க மாமி" என்றாள் சொர்ணலதா, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு. "அந்த ஆளு உரிச்சாளான்னு பார்க்க இன்னொரு ஆளு."