மூன்றாம் வரிசையின் உயரம்

டெல்மர் க்ராஸ் விலைக்கு வைத்திருந்த வாடகைக் கிடங்கில் மூன்றாம் வரிசை தரையைத் தொடாமல் நின்றது. நெப்ராஸ்காவில், எங்கள் வில்டா ஊருக்கு வெளியே, மக்காச்சோள வயலை ஒட்டி, சுருட்டி ஏற்றும் தகரக் கதவு போட்ட அறுபது அறைகள், வரிசைக்கு இருபது. வீட்டில் இடமில்லாததையும் தூக்கிப்போட மனம் வராததையும் ஜனங்கள் மாத வாடகைக்கு அங்கே பூட்டி வைத்தார்கள். மூன்றாம் வரிசையில் அறைகள் காலியாகக் காலியாக அது மேலே எழும்பியது. சாமான் வந்தால் இறங்கியது. அந்த வசந்தத்தில் தரைக்கு மேல் ஒரு சாண் இருந்தது. அடியில் பூனைகள் படுத்தன. வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் 'அஸ்திவாரத்துக்கும் நிலத்துக்கும் தொடர்பில்லை' என்று எழுதிவிட்டு வடிகாலைப் பார்க்கப் போனார்.

வாங்க வந்தவள் ஆர்லிஸ் வெசெலி, தானியக் கிடங்கின் எடைமேடையில் இருபத்தாறு வருஷம் லாரிகளை எடை போட்டவள். முந்தின அறுவடை முடிந்த வாரம் கணவன் எல்டன் இறந்திருந்தான். அவனுடைய காப்பீட்டுப் பணம் முழுவதும் இதில் போகவேண்டும். அவளிடம் வேறு பணம் இல்லை. கூரை ஆணிகளையும் மழைநீர் ஓடும் திசையையும் மூன்று நாள் பார்த்தாள். நான்காம் நாள் பூட்டுகளை எண்ணினாள். எங்கள் பக்கத்தில் கிடங்கு வாங்குகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான், பூட்டு இருந்தால் ஆள் உண்டு என்று கணக்கு. மூன்றாம் வரிசைக்குப் பதினெட்டு ஆள் என்றது டெல்மரின் காகிதம். பூட்டும் பதினெட்டு. ஆர்லிஸ் குனிந்து அடியில் கையை விட்டு அளந்தாள்.

"எட்டு ரூம்லதான் சாமான் இருக்கு, டெல்மர்."

"பூட்டு தொங்குறது தெரியலையா உங்களுக்கு?"

"தெரியுது. பத்துப் பூட்டு ஒரே நாள்ல வாங்கினது. ரெண்டுல விலைச் சீட்டைக்கூடப் பிய்க்கலையே நீங்க."

டெல்மர் தொப்பியைக் கழற்றி மண்டையைச் சொறிந்தான். எட்டு அறைக்கான விலைக்கு இறங்கி வந்தான்.

"இன்னும் நாலு பேர் காலி பண்ணினா இது எங்க போகும்?" என்று கேட்டாள்.

"அதுக்குள்ள நீங்க ஆள் பிடிச்சிடுவீங்க."

கையெழுத்துக்கு முன் காலியான பத்தொன்பதாம் அறையை ஒரு நாளுக்குக் கேட்டு வாங்கினாள். எல்டனின் பட்டறைக்கல், கருவிப் பெட்டி, பௌலிங் பந்து எல்லாவற்றையும் பிக்கப் வண்டியில் கொண்டுவந்து இறக்கினாள். வரிசை அசையவில்லை.

"இரும்புக்கெல்லாம் இறங்காது, ஆர்லிஸ். பத்து வருஷத்துக்கு முன்னாடியே செங்கல் அடுக்கிப் பாத்துட்டேன்."

"அதை இப்பதான் சொல்றீங்க."

அவள் வீட்டுக்குப் போகத்தான் வண்டியில் ஏறினாள். முன்கண்ணாடிக்குக் கீழே எல்டனின் விதைக் கம்பெனித் தொப்பி கிடந்தது, நெற்றி வியர்வை வெள்ளையாகக் கோடு கட்டி. அடக்கம் முடிந்த நாளிலிருந்து யாரும் அதை நகர்த்தவில்லை. எஞ்சினைப் போடவில்லை. பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். பூனைகள் ஒவ்வொன்றாக அடியிலிருந்து வெளியேறின. பத்தொன்பதாம் அறையின் ஆணியில் தொப்பியை மாட்டிக் கதவை இழுத்து மூடினாள்.

வரிசை தரையில் உட்கார்ந்தது. மாவு மூட்டையை இறக்கி வைத்த சத்தம்தான் கேட்டது.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டாள். அந்தக் கோடையில் நான்கு பேர் காலி செய்தார்கள், வரிசை எழும்பவில்லை. அடுத்த வருஷம் வந்த மதிப்பீட்டாளர் அஸ்திவாரம் சரி என்று எழுதினார். பூனைகள் வேறு நிழல் பார்த்துக்கொண்டன.