ஒரே ஊசி, இரண்டு உடம்பு

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்த பெண், நூல் புருவத்தைத் தொடுவதற்குள் கண்ணைத் திறந்துவிட்டாள். முகத்துக்கு நேர் மேலே சின்னவளின் மணிக்கட்டு. அதில் வெள்ளைச் செதில் படிந்த சிவப்புத் திட்டு.

"பரவாயில்லைங்க, நான் அக்காகிட்டயே எடுத்துக்கறேன். எனக்கொண்ணும் அவசரமில்ல."

சின்னவள் பல்லில் கடித்திருந்த நூலை எடுத்துக் கூடையில் போட்டாள். கையுறை மாட்டினால் திட்டு மறையும்தான். ஆனால் நூல் வழுக்கும், புருவம் கோணிக்கொள்ளும். அதையும் செய்து பார்த்தாயிற்று.

அழகு நிலையம் அக்கா தங்கை இருவருக்கும் பொது. வியாதியும் அப்படித்தான். அப்பா விட்டுப்போன சொத்து என்று இருவரும் சொல்லிச் சிரிப்பார்கள். சொரியாசிஸை மட்டும் அவர் பாரபட்சமில்லாமல் பிரித்துக் கொடுத்திருந்தார். ஒரே டாக்டர், ஒரே ஊசி, ஒரே அளவு. ஒரே நாளில்தான் ஆரம்பித்தார்கள். இரண்டாவது ஊசிக்குள்ளேயே பெரியவளின் கை துடைத்துவிட்டாற்போல் ஆகிவிட்டது. சின்னவளுக்கு இம்மியும் அசையவில்லை.

பெரியவளிடம் இதற்கு ஒரே விளக்கம்தான் இருந்தது: ஒழுங்கு. அவள் விடிவதற்குள் எழுந்து நடந்தாள், பால் முட்டை தொடவில்லை, எட்டரைக்கெல்லாம் விளக்கை அணைத்தாள். எப்படிக் குணமாச்சு என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும், முடி காய்ந்து முடியும்வரை பிரசங்கம் நடக்கும். மருந்து பாட்டுக்கு அதன் வேலையைச் செய்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. குணமானவர்களுக்கு அது அவ்வளவு சீக்கிரம் தோன்றுவதில்லை.

"எனக்கு ஆறுது, உனக்கு ஏன் ஆறல? எங்கயோ கோட்டை விடறே நீ."

சின்னவள் பாலை விட்டாள். முட்டையை விட்டாள். அக்கா சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தாள். இனி விடுவதற்குப் பேச்சு ஒன்றுதான் பாக்கி என்ற நிலையில் அதையும் குறைத்துக்கொண்டாள்.

அன்று அந்தப் பெண் போனதும், கடையில் வேலை செய்யும் மற்ற இருவர் காதிலும் விழும்படியே பெரியவள் சொன்னாள்: "ஆறுற வரைக்கும் நீ முன் மேசையிலயே இரு. போன் எடு, நேரம் குறிச்சுக் குடு. அப்புறம் நாற்காலிக்கு வரலாம்."

சின்னவள் முன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். இருவரில் கை நேர்த்தி அவளுக்குத்தான் என்பது பெரியவளுக்கும் தெரியும். கல்யாணப் பெண்கள் அவளைக் கேட்டுத்தான் வருவார்கள்.

பெரியவளுக்குத் தங்கை மேல் பாசம் இல்லாமல் இல்லை. உயிரையே வைத்திருந்தாள், அதைக் காட்டும் விதம்தான் வாய்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் சின்னவளுக்கு மட்டும் வீரியம் போன ஊசியைத் தள்ளிவிடுகிறார்களோ என்று ஒரு சந்தேகம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியாக வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த இருவர் ஊசிகளிலும் பேர்ச்சீட்டைப் பிய்த்து, காதும் காதும் வைத்தாற்போல் மாற்றி ஒட்டிவிட்டாள். இருவருக்கும் ஊசி போடுவது அவள்தான், அதனால் யாருக்கும் தெரிய வழியில்லை. தன்னுடையதைத் தங்கைக்குப் போட்டாள், தங்கையுடையதைத் தனக்குப் போட்டுக்கொண்டாள். அடுத்த முறையும் அப்படியே.

பெரியவளின் தோல் பளிச்சென்றே இருந்தது. சின்னவளுக்குத் திட்டு கையிலிருந்து கழுத்துக்கு ஏறியது.

அப்போதாவது பெரியவள் யோசித்திருக்கலாம். ஆனால் ஊசியில் குறையில்லை என்று தெரிந்துபோயிற்று. அப்படியானால் குறை இவளிடம்தான் என்று தீர்மானித்துவிட்டாள். அதன்பிறகு ஏச்சு இரட்டிப்பாயிற்று.

கழுத்தைப் பார்த்த டாக்டர் இருவரிடமும் ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னார். முடிவு வந்த அன்று இருவரையும் எதிரே உட்காரவைத்துப் பேசினார்.

"பெரியவங்ககிட்ட ஒரு மரபணு வகை இருக்கு. அது உள்ளவங்களுக்கு இந்த மருந்து நல்லாவே கேக்குது. தங்கச்சிக்கு அது இல்ல."

"கூடப் பொறந்தவ டாக்டர்," என்றாள் பெரியவள், ஏதோ தவறு நடந்துவிட்டது போல.

"கூடப் பொறந்தா எல்லாமே ஒண்ணா வரணும்னு இல்லைங்க. இந்த மரபணு ஒண்ணுதான் காரணம்னும் நான் சொல்ல மாட்டேன், இல்லாதவங்க சிலருக்கும் கேக்கத்தான் செய்யுது. ஆனா இவங்களுக்கு இதையே தொடர்றதுல அர்த்தமில்ல. வேற வழியா வேலை செய்யுற மருந்துக்கு மாத்திடலாம். முதல் ஊசிய இன்னிக்கே இங்கயே போட்டுக்கட்டும்."

சின்னவள் மடியில் இருந்த கைகளைப் பார்த்தபடி கேட்டாள்: "அப்போ நான் எதுவும் தப்பா பண்ணலையா டாக்டர்?"

டாக்டருக்குக் கேள்வி விளங்கவில்லை. "இதுல நீங்க பண்றதுக்கு என்னம்மா இருக்கு?" என்றார்.

ஊசி அறைக்குப் போகும் நடைபாதையில் தங்கை முன்னால் நடந்தாள். இவ்வளவு வேகமாக அவள் நடந்து பார்த்து வெகுநாளாயிற்று. அறை வாசலில் காத்திருக்கச் சொன்னார்கள். அப்போது பெரியவள் ஊசியை மாற்றியதைச் சொல்லிவிட்டாள். உன் நல்லதுக்குத்தான் என்று சேர்த்துக்கொள்ள நாக்கு துடித்தது. சேர்க்கவில்லை.

"தெரியும்க்கா," என்றாள் சின்னவள். "நீ ஒட்டின சீட்டு ஓரமெல்லாம் கிழிஞ்சிருந்துச்சு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"எனக்கும் பாக்கணும்போல இருந்துச்சு. உன் ஊசி போட்டும் ஆறலன்னதும், நீ திட்டறது சரிதான்னு நானே நம்பிட்டேன்."

உள்ளே கூப்பிட்டார்கள். நர்ஸ் புது ஊசியைத் தட்டில் எடுத்து வைத்தாள். பெரியவள் பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள்.

"நானே போட்டுக்கறேன்," என்றாள் சின்னவள், நர்ஸைப் பார்த்து.

எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நர்ஸ் காட்டினாள். சின்னவள் திட்டு இல்லாத இடமாகத் தொடையில் தேடி, ஊசியை நிமிர்த்தி வைத்து அழுத்தினாள். பெரியவளின் கை மட்டும் நீட்டியது நீட்டியபடி இருந்தது. பிறகு கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டது.

பஞ்சை ஒற்றிக்கொண்டே சின்னவள் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தாள். ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. அக்காவுக்காக நகர்ந்தாளா, பஞ்சைப் போடும் குப்பைக்கூடை எட்டுவதற்காகவா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.