முதிர்ந்தது ஒன்று

ஆஸ்பத்திரியில் அக்காவின் மணிக்கட்டில் கட்டிவிட்ட பிளாஸ்டிக் பட்டைக்குள் கத்தரிக்கோல் நுழையவில்லை. உயிர் போன கை அவ்வளவு வீங்கியிருந்தது. தங்கை தன் சுண்டுவிரலை அடியில் கொடுத்து மெல்ல வெட்டினாள். கட்டிலின் மறுபக்கம் அக்காவின் மகள், ஈரத்துணியால் அம்மாவின் பாதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே அத்தான் வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

துடைத்தபடியே மகள் விஷயத்தைச் சொன்னாள். அம்மாவின் சினைப்பையில் வந்த புற்று பரம்பரையாக வருவதாம். அவளுக்கும் இருக்கலாம், ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொன்னாராம் டாக்டர். அவள் கொடுக்கவில்லை. கல்யாணத்துக்குக் காத்திருந்தவனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். பால்காரரிடம் நாளைக்குப் பால் வேண்டாம் என்பதுபோல அதைச் சொன்னாள்.

தங்கை வெட்டிய பட்டையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

கல்யாணமாகிச் சில வருடங்களிலேயே அக்காவுக்குக் கருமுட்டைகள் தீர்ந்துவிட்டன. தாய் வயிற்றில் இருக்கும்போதே பெண்ணுக்குள் எல்லா முட்டையும் உண்டாகிவிடும், பிறகு புதிதாக ஒன்றும் வராது என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். மாதாமாதம் சில முட்டைகள் சின்ன நீர்ப்பைகளுக்குள் வளரத் தொடங்கும். ஒன்று முந்திக்கொண்டு முதிரும், மற்றவை சுருங்கிக் கரைந்துபோகும். ஊசி போட்டால் கரையப்போகிறவையும் சேர்ந்து முதிரும். அந்த ஊசிகளைத் தங்கைக்குப் போட்டது அக்காதான். சமையலறையில் நிற்கவைத்து, அடிவயிற்றில் ஐஸ் கட்டியைத் தேய்த்து, அடைக்கோழி மாதிரி சிலுத்துக்காதடி என்பாள். தங்கையிடமிருந்து எடுத்த முட்டைகளில் ஒன்றுதான் பிள்ளையாக நின்றது. அக்கா சுமந்தாள், பெற்றாள். நம் மூன்று பேரைத் தாண்டி யாருக்கும் தெரியக்கூடாது, பிள்ளைக்கும்கூட என்று கேட்டுக்கொண்டாள். தங்கை யோசிக்காமல் தலையாட்டினாள்.

புற்றைக் கொண்டுவரும் அந்தப் பரம்பரைக் கோளாறு தனக்கு இல்லையென்று தங்கை போன மாதமே பரிசோதித்துத் தெரிந்துகொண்டிருந்தாள். அப்படியென்றால் அக்காவின் நோய் மகளுக்கு வர வழியே இல்லை. சொல்லிவிடட்டுமா என்று அக்காவிடம் கேட்க எத்தனையோ முறை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சாகக் கிடப்பவளிடம் இதையா கேட்பது என்று கஞ்சியை ஆற்றிக் கொடுத்துவிட்டு எழுந்துவந்தாள்.

"உனக்கு அது வராதுடி" என்றாள் இப்போது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

தங்கை நிமிர்ந்தாள். சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"வந்தா வரட்டும் சித்தி" என்று மகளே தொடர்ந்தாள். "மூஞ்சி உன் மூஞ்சி. நடை உன் நடை. காதுமடல்கூட உன்னுதுதான். அம்மாகிட்டருந்து எனக்கு இதாவது வந்திருக்கும்ல."

தங்கை குனிந்து அக்காவின் சேலை மடிப்பைச் சரிசெய்தாள். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"ரத்தம் குடுத்துப் பாத்துடு. நான் கூட வரேன்."

"இல்லன்னு வந்துட்டா?" என்றாள் மகள்.

அத்தான் கதவைத் தட்டினார்.

வண்டியில் உடலுக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இருக்கைதான். கூடப் பிறந்தவள் உட்காரட்டும் என்றார் அத்தான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"பெத்த பொண்ணு உக்காரட்டும்" என்றாள் தங்கை.

மகள் ஏறினாள். கதவு சரியாகப் பொருந்தவில்லை. தங்கை வெளியே நின்று, இன்னொரு முறை அழுத்திச் சாத்தினாள்.