கார்ன் ஓர் பலகையில் ஐந்தாவது படம்

“வீட்டை எங்களுக்கு எழுத்துல குடுங்க” என்று எஃபி ராட்ரே கேட்டாள். அக்டோபர் கடைசி வியாழன், காலை பத்தேகால் மணி, கார்ன் ஓர் மலையின் எஸ்டேட் அலுவலகம். ராட்ரே குடும்பத்தில் ஐந்து தலைமுறையாக யாரும் கேட்காததும், கேட்கவே கூடாது என்று அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து சொல்லி வளர்த்ததும் அதுதான். அவள் கேட்டபோது அவளுடைய அப்பா டூகல் முக்கால்வாசி வெள்ளையாகியிருந்தார். காதும் கையும் காலும் வெளுத்து, முதுகில் மட்டும் கொஞ்சம் பழுப்பு மிச்சமிருந்தது. போன வருடத்தைவிட நான்கு நாள் முன்னதாகவே.

டூகல் அந்த மலையின் வேட்டைக்காவலர். ஆகஸ்டில் எஸ்டேட் சொந்தக்காரரான துரையும் விருந்தாளிகளும் வந்து சுடுவதற்குச் செங்கவுதாரிகளைப் பெருக்கி வைப்பது அவர் வேலை. அதற்காக, கவுதாரி தின்ன இளந்தளிர் வரட்டும் என்று ஹெதர் புதரைக் கட்டம் கட்டமாக எரிப்பார். நரியைக் கொல்வார், காக்கையைக் கொல்வார். முயல் உண்ணியைச் சுமக்கிறது, உண்ணி கவுதாரிக் குஞ்சைக் கொல்கிறது என்று எஸ்டேட்டில் சொன்னதால், கோடையில் பழுப்பாக இருந்து குளிர்காலத்தில் பனி நிறத்துக்கு வெளுக்கும் மலைமுயலையும் கொல்வார். பதினொரு வருடங்களுக்கு முன் ஒரு நவம்பரில் சுற்றியுள்ள ஆறு எஸ்டேட் காவலர்களும் வரிசை கட்டி மலையேறி ஒரே பகலில் அறுநூற்றுப் பத்து முயல்களைச் சுட்டார்கள். டூகல் சுட்டது மட்டும் நூற்று நாற்பது. எல்லாரும் கைகுலுக்கினார்கள். அடுத்த அக்டோபரில் அவருடைய புறங்கை வெளுத்தது, பிறகு காது, தாடி, நெஞ்சு. நவம்பர் நடுவில் கண்ணின் கருமணியும் முயலுக்கு இருப்பதுபோல் கருத்த காது நுனியும் தவிர ஆள் முழுக்க வெள்ளை. போட்டிருந்த கோட்டும் ஒரு வாரத்தில் வெளுத்தது. மே மாதம் நெற்றியிலிருந்து பழுப்பு இறங்கி வந்து பழைய டூகலாகிவிட்டார். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். பாதிரியார் அதைப்பற்றிப் பேச்செடுக்கவில்லை. மூன்றாவது வருடம் ஊருக்குப் பழகிவிட்டது. மதுக்கடையில் யாராவது, “ஏப்பா டூகல், வெளுத்துட்டியே, பனி எப்போ?” என்பார்கள். “வெளுக்கறது மட்டும்தான் என் பொறுப்பு. கொட்டறவன் வேற ஆளு, அவனப் போய்க் கேளு” என்பார்.

கொட்டுகிறவன்தான் வரவில்லை. முயலுக்கும் டூகலுக்கும் பகல் குறைவது தெரியும், பனி வராதது தெரியாது. அதனால் டிசம்பரிலும் பழுப்பாகவே கிடந்த மலையில் முயல்கள், விரித்துப்போட்ட கைக்குட்டைகள் மாதிரி, இரண்டு மைல் தூரத்துக்குத் தெரிந்தன. டூகல் ஐந்து மைலுக்குத் தெரிந்தார். செம்மான்கள் அவரைக் கண்டதும் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விட்டன. ஐந்தாவது குளிர்காலத்தில் பொன்கழுகு ஒன்று மேலிருந்து பாய்ந்து அவர் தோளைப் பற்றியது. தூக்க முடியாததால் விட்டுவிட்டுப் போயிற்று. மூன்று நகத்தடம் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு வானத்தில் எது கடந்தாலும் ஹெதரில் உடம்பை ஒட்டிப் படுத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு வந்தது.

மான்வேட்டைக்கு உதவாத காவலரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எஸ்டேட் மேனேஜர் லமாண்ட் ரொம்ப நாள் யோசிக்கவில்லை. மலைநடைக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துமிடத்தில் ஒரு பலகை உண்டு. நாயைக் கயிற்றில் பிடியுங்கள், கேட்டை மூடுங்கள், இந்த மலையில் நீங்கள் காணக்கூடியவை. பொன்கழுகு, செம்மான், மலைக்கவுதாரி, மலைமுயல் என்று நான்கு படங்கள் இருந்தன. ஐந்தாவதாக டூகலின் படத்தைச் சேர்த்தார்கள். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, நடைபாதையின் மூன்றாம் வளைவில், அமைதியாக நெருங்கவும். டூகல் காலை ஒன்பதிலிருந்து மூன்றரை வரை மூன்றாம் வளைவில் நிற்பார். வந்தவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எடின்பரோவிலிருந்து வந்த ஒரு அம்மா பையைத் திறந்து ஒரு கேரட்டை நீட்டினாள். டூகல் “நன்றிங்கம்மா” என்று வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் அதை அவர் மனைவி ஜெசி சூப்பில் நறுக்கிப் போட்டாள், வேறென்ன செய்வது.

எஃபி அவர்களுடைய ஒரே பிள்ளை. பதினாறு வயதைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனது அந்தக் குடும்பத்தில் அவள் ஒருத்திதான். அபர்டீனில் சட்டம் படித்தாள். பட்டமளிப்பு ஜூலையில் நடந்தது, அப்பா பழுப்பாக இருந்த மாதம். புகைப்படத்தில் அவர் மற்ற அப்பாக்களைப் போலவே இருக்கிறார். நல்லவேளை ஜூலை என்று அன்று அவள் நினைத்தாள். நினைத்ததற்காக இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

வீட்டு விஷயம் இப்படி. புதுக் காவலர் பொறுப்பேற்கும்போது மலையுச்சிக் கற்குவியலில் ஒரு கல் வைப்பார். துரை அதன்மேல் தன் கல்லை வைப்பார். கல்மேல் கல் இருக்கும்வரை மலையடி வீடு காவலர் குடும்பத்துக்கு. பத்திரம் கிடையாது, கேட்டால் துரையின் வார்த்தையைச் சந்தேகிப்பதாகும், சந்தேகப்பட்டவர்கள் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஆனால் உச்சிக்கு ஏறுகிற ஒவ்வொரு மலைநடைக்காரரும் ஆளுக்கொரு கல் வைப்பதும் அந்த மலையில் வழக்கம். நூறு வருடத்தில் குவியல் ஆள் உயரத்தைத் தாண்டியது. ராட்ரேக்களின் ஐந்து கல்லும் துரைகளின் ஐந்து கல்லும் அடியில் எங்கோ புதைந்தன. போன வசந்தத்தில் நடைபாதை சேறாகிவிட்டதென்று குவியலைப் பிரித்து, அந்தக் கற்களாலேயே பாதைக்குப் படி கட்டினார்கள். படி கட்டியவர்களில் டூகலும் ஒருவர். எந்தக் கல் எது என்று அவரும் பார்க்கவில்லை.

இந்த அக்டோபரில் இன்னொன்றும் நடந்தது. முயல்கள் டூகலிடம் வர ஆரம்பித்தன. மூன்றாம் வளைவில் அவரைச் சுற்றி முதலில் நாலைந்து, பிறகு நாற்பது, பிறகு இருநூறு, காதைப் படியவைத்து உட்கார்ந்திருந்தன. அவர் நடந்தால் பின்னால் வந்தன. நூற்று நாற்பது முயல்களைக் கொன்றவரிடம் அவை ஏன் வந்தன என்று யாருக்கும் தெரியாது, டூகலுக்கும் தெரியாது. லமாண்டுக்கு மட்டும் அதை என்ன செய்யலாம் என்று தெரிந்தது. சனிக்கிழமை முயல்வேட்டை. ஆறு எஸ்டேட் ஆட்கள் மலையெல்லாம் அலைய வேண்டாம், டூகல் முன்னால் நடந்தால் போதும், முயல்கள் தானாகவே துப்பாக்கிக்கு முன் வந்து சேரும். டூகல் “சரிங்க” என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்படி மேசைக்குக் கீழே படுத்துக்கொண்டார். புதன்கிழமை எஃபி அபர்டீனிலிருந்து வந்தபோதும் அங்கேதான் இருந்தார்.

“அப்பா, வெளிய வாங்க.”

“நீ சாப்ட்டியா புள்ள?” என்றார் மேசைக்கு அடியிலிருந்து.

ஜெசிதான் கெஞ்சினாள். “ஒரு நாள் நடந்துட்டு வரட்டும்டி. குண்டு படாமப் பாத்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க. நீ எழுத்து கிழுத்துன்னு வாயத் தொறந்து வீட்டுக்கு உல வச்சிராத.”

“அவரு வெளுத்துக் கெடக்காரும்மா. நூறு கஜத்துல அவருக்கும் முயலுக்கும் எவனுக்கு வித்தியாசம் தெரியப் போகுது?”

ஜெசி அலமாரியிலிருந்து தட்டுகளை இறக்கிப் பழைய செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தாள்.

ஆகவே வியாழக்கிழமை எஃபி கேட்டாள். லமாண்ட் கோபப்படவில்லை. “அது துரையோட வாக்கும்மா. உங்க தாத்தாவெல்லாம் இப்படிக் கேட்டதில்ல” என்றார்.

“தாத்தா சட்டம் படிக்கல. நான் படிச்சிருக்கேன்.”

“எங்க, உங்க கல்லக் காட்டு பாப்போம்.”

“உங்க பாதையில அஞ்சாவது படியோ ஆறாவது படியோ. நேத்துகூட யாரோ பூட்ஸச் சொரண்டிட்டுப் போனாங்க.”

லமாண்ட் சிரித்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன் தள்ளினார். ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். “துரை நல்லவரு. எழுத்துலயே தர்றாரு. சனிக்கிழமை உங்கப்பா நடக்கட்டும், திங்கக்கிழமை கையெழுத்து. நீ சாட்சி போட்டுட்டுப் போ.” எஃபி படித்தாள். மலையடிக் கட்டிடம் பலகையில் கண்ட ஐந்தாம் உயிரினத்தின் வாழிடமாகப் பராமரிக்கப்படும். துணை உடன் தங்கலாம். பழுப்பு நிற மாதங்களுக்கு உத்தரவாதம் இல்லை. குட்டி என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது, எழுத்துப்பிழை இல்லாமல்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள், சட்டம் படித்தவர்கள் அப்படித்தான் படிப்பார்கள். “தமாஷ் இல்லையே?”

“வக்கீல் எழுதினது. வேற எந்தத் தலைப்புலயும் உங்களச் சேக்க முடியலங்கறாரு.”

பேனாவை எடுத்தாள். சாட்சிக் கோட்டில் வைக்கவில்லை. தன் பெயரை மட்டும் அடித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். அப்போது லமாண்ட் அவள் புறங்கையைப் பார்த்தார். முட்டிகளிலிருந்து மணிக்கட்டுவரை வெளுத்திருந்தது.

“உன் கை…”

“தெரியும். செவ்வாக்கெழமலேருந்து.”

“இப்பப் போனீன்னா வீடு போச்சு எஃபி.”

“போன வீட்டுக்குத்தான் சாவி கொண்டாந்தேன்” என்று சாவியைத் தாளின்மேல் வைத்தாள். பதில் எதுவாக இருக்கும் என்று அவளுக்கு நேற்றே தெரியும். ஆனாலும் ஒரு ராட்ரே அதை வாய்விட்டுக் கேட்டாள் என்று இருக்கட்டும் என்றுதான் வந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் வேன் நின்றது. முன்னிருக்கையில் ஜெசி கெட்டிலை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். பின்னால் தட்டுப்பெட்டிகளுக்கு நடுவே டூகல் போர்வைக்குள் படுத்திருந்தார். வேனைச் சுற்றியும், சரளைக்கல் தெரியாத அளவுக்கு முற்றம் முழுக்கவும், கார்ன் ஓர் மலையின் முயல்கள் சாலைப் பக்கம் முகம் வைத்து உட்கார்ந்திருந்தன. பாதி வெளுத்தவை, முழுக்க வெளுத்தவை. எஸ்டேட் எல்லை ஓடை அங்கிருந்து மூன்று மைல், அதற்கப்பால் யாரும் சுடக்கூடாத காடு. மெதுவாக ஓட்டினால் இருட்டுவதற்குள் முயல்கள் எல்லாம் கடந்துவிடும்.

தட்டச்சு செய்யும் நெட்டா நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “சாலைல ஆடு மறிக்கற கேட்டு மூடிக் கெடக்கு எஃபி. தொறந்து விடட்டுமா?”

“ரெண்டு கதவையும் தொறங்கக்கா” என்று சொல்லிவிட்டு எஃபி வெளியே நடந்தாள். முன்வரிசை முயல்கள் அவள் கால் வைக்க இடம் விட்டு நகர்ந்துகொண்டன.