வேலிக்கால் விறகு

ஜூலை இருபத்துநாலாம் தேதி விடுமுறைக்கு மலையில் நல்ல இடம் வேண்டுமென்றால், யாராவது ஒருவர் முன்கூட்டியே மேலே போய் வண்டியை நிறுத்தி இடம் பிடிக்க வேண்டும். யூட்டாவில் இது சட்டமில்லை. ஆனால் சட்டத்தைவிட ஒழுங்காக நடக்கும். இந்த வருடம் அந்தப் பொறுப்பை நெட்ராவின் தம்பி கிம்பல் ஏற்றுக்கொண்டான். வீடு மாதிரி ஒரு இழுவை வண்டியைப் புதிதாக வாங்கியிருந்தான். அதை நாலு பேர் பார்க்க வேண்டாமா?

ஆசை அப்பாவுடையது. அவருடைய இதயம் பாதி வேலையை நிறுத்திவிட்டது. அடுத்த கோடையை நம்ப வேண்டாமென்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. "ஹார்லன் ஓடை மேட்டுல ஒரு ராத்திரி படுத்து எழுந்துட்டா போதும்மா" என்று பனி உருகத் தொடங்கியதிலிருந்து நெட்ராவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது, பக்கத்தில் ஆளும் கிடையாது. ஆஸ்பென் மரங்களும் தண்ணீர்ச் சத்தமும்தான். கல்யாணமான புதிதில் அவரே தேடிக் கண்டுபிடித்த இடம்.

விடுமுறைக்கு முன்னால் கிம்பல் போன் செய்தான். "அக்கா, போய்ப் பாத்துட்டேன். எவனோ நாலு வண்டியோட அங்க குடியேறிட்டான். நான் ஏரிக்கரை முகாம்ல இடம் போட்டுட்டேன். கரண்ட் இருக்கு. அப்பாவுக்கும் சௌகரியம்."

சௌகரியத்துக்குக் குறைவில்லை. தார் போட்ட தரை, எண் எழுதிய கம்பம், பக்கத்துக் குடும்பத்தின் ஜெனரேட்டர், அதற்கும் மேலே அவர்கள் வைத்த பாட்டு. அப்பாவின் மடக்கு நாற்காலிக்கு எதிரே தெரிந்தது மலையில்லை, அடுத்தவன் வண்டியின் பின்புறம். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று யாரும் கேட்காமலே இரண்டு தடவை சொன்னார்.

முகாமில் விற்ற விறகு ஈரம். புகைதான் வந்தது. நெட்ரா தன் பழைய பிக்கப்பை எடுத்துக்கொண்டு விறகு பொறுக்கக் கிளம்பினாள். போகப் போக வண்டி ஹார்லன் ஓடைப் பாதைக்குத் தானாகவே திரும்பிவிட்டது. பாதையில் குழிகள். பாறையை ஒட்டி ஒரு குறுகலான வளைவு. கிம்பலின் அரண்மனை இங்கே ஜென்மத்துக்கும் திரும்பாது.

மேட்டில் ஒருவருமில்லை.

அடுப்புக் கற்களுக்கு நடுவில் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது. ஸ்ப்ரூஸ் மரத்தடியில், தகரத்தை மூடிக் கல்லை ஏற்றி, போன வருடம் இலை உதிரும்போது அப்பா அடுக்கிவிட்டுப் போன விறகு அப்படியே இருந்தது. அடுத்து வருகிறவனுக்கென்று விறகு வைக்காமல் அவர் எந்த இடத்தையும் விட்டுக் கிளம்பியதில்லை. நாலு வண்டி வந்திருந்தால் முதல் ராத்திரியே இதை எரித்துச் சாம்பலாக்கியிருக்கும்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ஏரிக்கரை முகாமில் இந்த விடுமுறைக்குப் பனிக்காலத்திலேயே இடம் தீர்ந்துவிடும். அப்படியானால் அப்பா வாயைத் திறந்து கேட்பதற்கு முன்பே கிம்பல் முடிவு செய்துவிட்டான். விறகில் ஒரு கட்டை விடாமல் வண்டியில் ஏற்றினாள்.

முகாமுக்கு வந்ததும் அப்பாவின் காலடியில் கொண்டுபோய்க் கொட்டினாள்.

"அட, எலும்பா காஞ்சிருக்கே! எங்க பிடிச்சே அக்கா?" என்றான் கிம்பல்.

"நீயே சொல்லேன் பாப்போம்."

அவனுக்கு எங்கே தெரியும்? அவை அப்பாவின் மேய்ச்சல் நிலத்துப் பழைய வேலிக்கால்கள்; அவரே அறுத்து மேட்டுக்குக் கொண்டுபோனவை. ஜூனிபர் மரம். அப்பாவும் நெட்ராவும் அந்த வேலியைப் போட்டபோது அவன் ஊரிலேயே இல்லை. அப்பா ஒரு கட்டையை எடுத்துப் பார்த்தார். முள்கம்பியின் ஆணி இருந்த ஓட்டையின்மேல் அவருடைய கட்டைவிரல் போய் நின்றது. தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. இப்போது கிம்பலைக் கேட்பார், இப்போதாவது கேட்பார் என்று அவள் நின்றாள்.

"முகாம்காரன்கிட்ட வாங்கியிருப்பா" என்று சொல்லிக் கட்டையை நெருப்பில் போட்டார்.

கிம்பல் உருளைக்கிழங்குச் சட்டியை எடுக்க உள்ளே போனதும் அவள் குனிந்தாள். "அப்பா, மேலே ஒரு குருவிகூட இல்ல. இப்பவே என் வண்டியில ஏறுங்க. நாம ரெண்டு பேரும் அங்க படுத்துட்டுக் காலையில வந்துடலாம்."

"வேண்டாம்மா. அவன் முகம் செத்துப்போயிடும். வருஷத்துக்கு ஒரு தரம் வர்ற புள்ள."

"அப்ப நான்?"

"நீதான் எப்பவும் இருக்கியே."

குத்திக்காட்டவில்லை, கோபமில்லை. உள்ளதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கிம்பல் சட்டியோடு வந்தான். நெருப்பு நன்றாகப் பிடித்து ஜூனிபர் வாசனை எழும்பியிருந்தது. "அடுத்த வருஷம் ஒரு வாரம் முன்னாடியே போய் அந்த மேட்டைப் பிடிச்சிடறேன்ப்பா. பாத்துக்கிட்டே இரு."

"பிடிடா ராஜா" என்றார் அப்பா. மகனையே பார்த்துச் சிரித்தபடி, திரும்பாமலே நெட்ராவின் பக்கம் கையை நீட்டினார். மாத்திரை நேரம். அவள் எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.